டிசபிலிட்டி பென்ஷன்: மனு எங்கே சறுக்குகிறது?

பணியில் வந்த ஊனத்துக்கு ராணுவ வீரர் பென்ஷன் கேட்டு மறுக்கப்பட்டால், வீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசின் நிராகரிப்புக் கடிதத்தில் பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: நோய் பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல. இதற்குப் பதில் என்று குடும்பக் கஷ்டத்தை நாலு பக்கம் எழுதி அனுப்புவதுதான் முதல் தவறு. அப்பீல் கமிட்டி பார்ப்பது, ஊனத்தை மதிப்பிட்ட ராணுவ மருத்துவர் குழுவான மெடிக்கல் போர்டு சொன்ன காரணம் நிற்கிறதா என்பதை மட்டுமே.

அந்தக் காரணம் தெரிய, போர்டு அறிக்கையின் முழு நகல் வேண்டும். கையில் இல்லையென்றால் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் இணைத்து ரெக்கார்ட் ஆபீசுக்கு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை) மனு போடுங்கள். ரத்த அழுத்தம் என்றால் ‘அமைதிப் பகுதியில் இருந்தபோது தொடங்கியது’ என்று எழுதி முடித்திருப்பார்கள். அதற்கு முன் லே, சியாச்சின் என்று கடினமான பகுதிகளில் இருந்த காலத்தைத் தேதியோடு வைத்தால்தான் வாதம் நிற்கும். பணியில் சேரும்போது குறிக்கப்படாத நோய்க்குப் போர்டும் காரணம் காட்டவில்லை என்றால், அது பணியால் வந்தது என்றே அனுமானம், அதாவது வீரர் பக்கம். 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆனால் 2023 செப்டம்பர் 21-க்குப் பின் வெளியே வந்தவர்களுக்கு விதிகளே வேறு. நண்பரின் பழைய மனுவை ஜெராக்ஸ் எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினால் எடுபடாது.

தருமபுரி அரசு மருத்துவமனையில் வாங்கிய மாற்றுத்திறனாளி சான்றும் இங்கே செல்லாது. சதவீதத்தை முடிவு செய்வது ராணுவ மெடிக்கல் போர்டுதான்.

ஊனம் 20 சதவீதமும் அதற்கு மேலும் இருந்து, பணித் தொடர்பும் ஏற்கப்பட்டால், 50-க்குக் கீழ் உள்ளது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்தப்படும். இதைத் தனியாகக் கேட்காமல் விடுபவர்கள் உண்டு. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. சம்பளம் 50,000, ஊனம் 30 சதவீதம் என்றால் மாதம் 4,500, உயர்த்தினால் 7,500.

முதல் அப்பீலுக்கும் இரண்டாவதற்கும் ஆறாறு மாதம் கெடு. கிருஷ்ணகிரி முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். முடிவெடுப்பது அவர்கள் அல்ல. ஸ்பீட் போஸ்டில் நேரடியாக அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது அப்பீலும் தோற்றால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம்தான், ஆனால் அங்கே அமர்வு கிடையாது. சென்னைக்குத்தான் போக வேண்டும். பல ஆண்டு தாமதித்தவர்களுக்கும் பென்ஷன் கிடைக்கலாம். நிலுவைத் தொகை மட்டும் பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 ஆண்டுக்கு மேல் வராது.