ஏ.பி.எஸ். விளக்கு அணையலையா? மாட்யூலில் கை வைக்கும் முன்

பைக்கில் பலமாகப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் நின்று வழுக்காமல் காப்பது ஏ.பி.எஸ். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் அதன் விளக்கு எரிய வேண்டும். வண்டி நகர்ந்து ஐந்து, பத்து கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அணைய வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இதுதான் கணக்கு. நிற்கும் வண்டியில் விளக்கு எரிவதைப் பார்த்துப் பதறி ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுகிறவர்கள் உண்டு. வாரக்கணக்கில் எரிந்தாலும் "பிரேக்தான் புடிக்குதுங்களே" என்று ஓட்டுகிறவர்களும் உண்டு. நம்ம கோயமுத்தூர் பக்கம் இரண்டாவது கூட்டம்தான் பெரியது.

பிரேக் பிடிக்கும், உண்மைதான். கோளாறு தெரிந்ததும் ஏ.பி.எஸ். தானாக ஒதுங்கிக்கொள்ளும்; வெறும் டிஸ்க் பிரேக் மிஞ்சும். காய்ந்த ரோட்டில் ஒரு வித்தியாசமும் தெரியாது. மழை தூற ஆரம்பித்த நேரத்தில், அவினாசி ரோட்டில் முன்னால் போகும் டவுன் பஸ் சட்டென்று நின்றால்தான் தெரியும். ஏ.பி.எஸ்.ஸுக்குப் பழகிய கை லீவரை முழுசாக அமுக்கும். முன் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு வழுக்கும். புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும், 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். அதனால் இந்தப் பழக்கம் இன்றைக்கு நிறையப் பேர் கையில் ஏறிவிட்டது.

கோளாறே இல்லாததைக் கோளாறு என்று நினைப்பதும் செலவு வைக்கும். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது லீவர் கையில் படபடவென்று உதறினால், ஏ.பி.எஸ். வேலை செய்கிறது என்று பொருள். பின் சக்கரம் தேய்த்துக்கொண்டு போகிறது என்று புகார் சொல்கிறவர்கள், தங்கள் வண்டியில் இருப்பது சிங்கிள் சேனலா டூயல் சேனலா என்று முதலில் பார்க்க வேண்டும். சிங்கிள் சேனல் என்றால் முன் சக்கரத்துக்கு மட்டும்தான் காவல். பின் சக்கரம் வழுக்கத்தான் செய்யும். இன்னொன்று: சென்டர் ஸ்டாண்டு போட்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து, செயினுக்கு ஆயில் விடுகிறோம். பின் சக்கரம் சுற்றுகிறது, முன் சக்கரம் நிற்கிறது. ரெண்டும் பொருந்தவில்லையே என்று சில வண்டிகள் விளக்கைப் போட்டுவிடும். சாவியை அணைத்துப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினால் போய்விடும். இதற்கெல்லாம் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை.

சரி, நிஜமாகவே விளக்கு அணையவில்லை. இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. "ஏ.பி.எஸ். போயிருச்சுங்க, மாட்யூல் மாத்தணும்" என்று ஒருவர் சொல்வார், நாமும் தலையாட்டுவோம். மாட்யூல் என்பது பிரேக் ஆயில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வுகள், ஒரு சின்ன மோட்டார், ஒரு கம்ப்யூட்டர் மூன்றும் சேர்ந்த பெட்டி. இந்தத் தொகுப்பில் விலை அதிகமான சாமான் அதுதான். ஆனால் தினமும் தண்ணியிலும் சேற்றிலும் அடிபடுவது அது அல்ல. சக்கரத்தோடு சுற்றும் பல் வெட்டிய வளையமான பல்சர் ரிங்கும், அதன் பக்கத்தில் மில்லிமீட்டர் கணக்கில் இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும் வேக சென்சாரும், அதிலிருந்து போகும் ஒயரும்தான். சந்தேகம் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

நம்ம ஊருக்கென்றே சில காரணங்கள் உண்டு. பெரும்பாலான சென்சார்களின் முனையில் காந்தம் இருக்கும். கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ லேத், ஃபவுண்டரி வாசலில் நாள் முழுக்க வண்டியை நிறுத்துகிறவர்கள் ஒருமுறை அந்தச் சென்சாரைக் கழற்றிப் பார்க்கலாம். முனையில் இரும்புத்தூள் மீசை மாதிரி முளைத்திருக்கும். பிரேக் பேடிலிருந்து உதிரும் தூளும் இதோடு சேரும். ரிங்கின் பல்லை எண்ண வேண்டிய சென்சார் இந்த மீசையால் தடுமாறும். உலர்ந்த துணியால் துடைத்து, ரிங்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டால் பல வண்டிகளில் வேலை முடிந்தது. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் ரோட்டில் பறக்கும். அது ஆக்ஸிலில் சுற்றிக்கொண்டு சென்சார் ஒயரை உரசுவதும் நடக்கும்.

வாட்டர் சர்வீஸில் பையன் பீய்ச்சும் தண்ணியை நேராக வீல் நடுவில் அடிக்க விடாதீர்கள். கனெக்டருக்குள் ஈரம் இறங்கினால் ரெண்டு நாள் கழித்துத்தான் பச்சைக் களிம்பு பூக்கும், விளக்கு எரியும். அப்புறம் பங்க்சர் கடை. வீலைக் கழற்றி ரிங் அடியில் இருக்கும்படி தரையில் போட்டு, மேலே ஏறி மிதித்து டயரைப் பிரிப்பார்கள். பல் ஒன்று லேசாக வளைந்தாலும் போதும். திருப்பி மாட்டும்போது சென்சார் ஒயரை அதன் கிளிப்பில் போடாமல் தொங்கவிடுவதும் வழக்கம். டயர் மாற்றிய அன்றோ மறுநாளோ விளக்கு வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். கம்பெனி சொன்ன அளவை விட்டுவிட்டு "பட்டையா இருந்தா நல்லா இருக்கும்" என்று பின் டயர் போடுவதும் இதே கணக்குத்தான்: ரெண்டு சக்கரத்தின் வேகமும் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாமல் போகலாம். பேட்டரி இளைத்தாலும், ஹாரனுக்கும் போகஸ் லைட்டுக்கும் கண்ட இடத்தில் ஒயரைச் சுரண்டி இழுத்திருந்தாலும், ஒரு பியூஸ் போயிருந்தாலும் விளக்கு எரியும்.

இவ்வளவையும் ஒரு மெக்கானிக் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? வண்டியின் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருக்கும் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுத்தான். ஸ்கேனர் போடாமலே மாட்யூல் என்று சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். ஆனால் கோளாறுக்கான கோடு நம்பர் வந்ததோடும் வேலை முடியவில்லை. "முன் சக்கர சென்சார்" என்று கோடு வந்தால், பார்க்க வேண்டிய இடத்தை அது காட்டுகிறது, அவ்வளவுதான்; தப்பு ரிங்கிலோ ஒயரிலோ பேரிங் ஆட்டத்திலோ இருக்கலாம். விவரமானவர் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் மெதுவாகச் சுற்றிவிட்டு ஸ்கேனர் திரையில் வேக எண்ணைப் பார்ப்பார். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் எண் விழுந்து எழுந்தால் ரிங்கில் கோளாறு. ஹேண்டிலை இடவலமாகத் திருப்பும்போது மட்டும் எண் காணாமல் போனால் ஒயர். எண்ணே வரவில்லை என்றால் கனெக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் சென்சார். இதைச் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் காட்டுகிறவர் நல்ல கை.

காங்கேயத்திலோ தாராபுரத்திலோ உங்கள் வழக்கமான பட்டறையில் ஸ்கேனர் இல்லாமல் இருக்கலாம். அது குறையே இல்லை. "என்கிட்ட மிஷின் இல்லீங்ணா, கோயமுத்தூர்ல பார்த்துட்டு வந்துருங்க" என்று சொல்கிறவரை மற்ற வேலைகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். டெஸ்ட் லேம்ப் ஊசியால் ஒயர் ஒயராகக் குத்திப் பார்க்கிறவர்தான் ஆபத்து. குத்திய ஓட்டை வழியே ஈரம் போய் ஆறு மாதத்தில் புதுக் கோளாறு பிறக்கும். பியூஸைப் பிடுங்கிவிட்டு "இப்படியே ஓட்டுங்க" என்பவரும் அதே ரகம். நல்ல ஆளைத் தேட, மருந்து ரெப், பைனான்ஸ் கலெக்‌ஷன் பசங்க மாதிரி தினமும் வண்டியிலேயே கிடக்கிறவர்களைக் கேளுங்கள். ஒரே வண்டியை மூன்று முறை கொண்டுபோன அனுபவம் அவர்களுக்குத்தான் இருக்கும்.

பிரேக் ஆயிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆயில் டப்பா மூடியில் டாட் 4 என்று ரகம் போட்டிருந்தால் டாட் 4; சிலிக்கான் வகையான டாட் 5 அதோடு சேரவே கூடாது. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஏனென்றால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவும் பிரேக்கிலேயே இறங்குகிறவருக்கு, பாதி வழியில் லீவர் பஞ்சு மாதிரி அமுங்குவது இதனால்தான். இதற்கு ஏ.பி.எஸ். விளக்கு எச்சரிக்கை தராது. பழைய ஆயிலில் ஊறும் அழுக்கும் துருவும் மாட்யூலுக்குள்ளேயும் போகும். அப்படிக் கெட்ட மாட்யூல்களும் பழைய சாமான் கடையில் "ஓடுன வண்டியோடதுங்க" என்று விற்கப்படுகின்றன. உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது, வாங்காதீர்கள்.

வண்டியை விடும்போது வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஜாப் கார்டில் "ஏ.பி.எஸ். விளக்கு அணையவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள், வந்த கோடு நம்பரையும் எஸ்டிமேட்டையும் வாட்ஸ்அப்பில் வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வண்டியை எடுக்கும்போது சாவியைத் திருப்பி விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவே இல்லை என்றால் சரி செய்யவில்லை, விளக்கைத்தான் அணைத்திருக்கிறார்கள். கோடு நம்பரை மட்டும் அழித்துக் கொடுப்பதும் உண்டு. சில கிலோமீட்டர் ஓட்டினால் திரும்ப வரும், அதனால் ஊர் போய்ச் சேருவதற்கு முன் பக்கத்திலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். முன் பிரேக்கை மணலில் அமுக்கிச் சோதிக்கும் வீரம் மட்டும் வேண்டாம். பணம் வாங்கிக்கொண்டு கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே மனு போடலாம்; அப்போது அந்த ஜாப் கார்டும் வாட்ஸ்அப் எஸ்டிமேட்டும்தான் கையில் இருக்கும் சாட்சி.