மலையூரில் ஒரு பியானோப் பாட்டுக் கச்சேரிக்குப் போவோர்க்கு

உதகையிலோ குன்னூரிலோ ஒரு பாடகரும் ஒரு பியானோ கலைஞரும் மட்டுமே மேடையேறும் மேலைச் செவ்வியல் பாடல் நிகழ்ச்சிக்கு அழைப்பு வந்தால், பாட்டு ஜெர்மன் மொழியில் இருக்குமே என்று தயங்க வேண்டியதில்லை. ‘லீட்’ என்று ஜெர்மானியர் அழைக்கும் இவ்வகைப் பாடல் கவிதைக்கு இசையமைத்தது. ஆகவே கவிதையின் பொருளை முன்னரே படித்துவிட்டுப் போனால் பாதி வேலை முடிந்தது. நிரலைக் கேட்டு வாங்கி, அதிலுள்ள எல்லாப் பாடல்களையும் படிக்க நேரமில்லாவிட்டாலும், இரண்டையாவது மொழிபெயர்ப்போடு வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் 1815இல், தம் 18ஆம் வயதில், ஜெர்மன் கவிஞர் கெதேயின் கவிதைக்கு இசையமைத்த ‘எர்ல்கோனிக்’ பாடலைத்தான் சொல்வேன். நோயுற்ற மகனை அணைத்துக்கொண்டு இரவில் குதிரையில் விரையும் தந்தை, அஞ்சும் பிள்ளை, அவனை ஆசைகாட்டி அழைக்கும் மாய அரசன், கதைசொல்லி ஆகிய நால்வரையும் ஒரே பாடகர் குரலை மாற்றிப் பாட வேண்டும். பியானோவின் வலக்கையோ ஒரே சுரத்தை மும்மூன்றாகத் தட்டித் தட்டிக் குளம்பொலியை எழுப்பிக்கொண்டே இருக்கும். வீடு வந்து சேர்ந்ததும் அந்தக் குளம்பொலி நின்றுபோகிறது. பிள்ளை இறந்துவிட்டான் என்ற வரியைப் பாடகர் கிட்டத்தட்டப் பேச்சாகவே சொல்கிறார். குதிரை நின்றதைக் காதால் பிடித்துவிட்டவருக்கு மொழி ஒரு பொருட்டன்று.

நம் கச்சேரிப் பழக்கத்தில் வயலினும் மிருதங்கமும் பக்கவாத்தியம் என்பதால், பியானோவையும் அப்படியே எண்ணிவிடுகிறோம், அது தவறு. பியானோவுக்குரிய ஒவ்வொரு சுரமும் எழுதி வைக்கப்பட்டது, மனோதர்மத்துக்கு இடமில்லை, பல பாடல்களில் கடைசிச் சொல்லும் அதற்கே உரியது. ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமான் 1840இல் கவிஞர் ஹைனேயின் கவிதைகளுக்கு அமைத்த ‘டிஷ்டர்லீப’ என்னும் 16 பாடல் கொண்ட தொகுதி, பாடகர் வாய்மூடிய பின்னும் நெடுநேரம் பியானோவில் தனியே தொடர்ந்துதான் முடிகிறது. முதன்முறை அதைக் கேட்டபோது, பாடகர் நிறுத்தியதும் கைதட்டிவிட்டேன். முன்வரிசை அம்மையார் ஒருவர் திரும்பிப் பார்த்தார். குளிரிலும் காது சுட்டது.

ஆகவே விதி ஒன்றுதான்: பியானோ கலைஞரின் கைகள் விசைகளை விட்டு மடிக்கு வரும்வரை பொறுத்திருங்கள். தொகுதியாகப் பாடப்படும் பாடல்களுக்கு இடையே தட்டுவதில்லை. தொகுதி முடிந்தபின் தாராளமாகத் தட்டலாம். தொடையில் தாளம் போடுவதும், நல்ல இடத்தில் ‘சபாஷ்’ சொல்வதும் இங்கே வேண்டாம், மனம் துடித்தாலும்.

மேடையை நோக்கி அமரும்போது இடப்பக்கம் சற்று முன்னே இடம் பிடித்தால் விசைகளில் ஓடும் விரல்கள் தெரியும். ஒலிபெருக்கி வைக்கமாட்டார்கள் என்பதால் மொழிபெயர்ப்புத் தாளைப் பாட்டின் நடுவே புரட்டும் சலசலப்புகூடக் கேட்கும்; ஒரு பாட்டு முடிந்த இடைவெளியில் புரட்டுங்கள். தென்மேற்குப் பருவத்தில் வருகிறீர்கள் என்றால் தகரக் கூரை அரங்கில் மெல்லிய பாடல்கள் மழையில் கரைந்துபோகும். அதைப் பாடகரின் குறையாகக் கொள்ள வேண்டாம். மூடுபனியின் ஈரத்தில் பியானோவின் மரப்பலகை உப்பிச் சுருதி நகர்வதும் மலைக்கு வழக்கமே. நிகழ்ச்சியன்று காலையிலேயே சுருதி சேர்த்திருந்தால் நல்லது.

ஸ்வெட்டரை உள்ளேயும் கழற்றாதீர்கள். இருமல் வந்தால் கைக்குட்டையால் வாயை மூடிக்கொள்ளுங்கள்; மிட்டாயின் உறையைப் பாட்டு தொடங்குமுன்பே பிரித்து வைத்துவிடுங்கள். கைதட்டல் ஓயாவிட்டால் நிரலில் இல்லாத பாட்டு ஒன்று கிடைக்கக்கூடும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள் கதவோரமாக உட்கார்வது எல்லோருக்கும் நல்லது.