ஈரக்காற்றுள்ள ஊரில் வீட்டு மரப்பட்டறை: தொடங்குகிறவர்களுக்கு

மரவேலை பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்பதுதான். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு என் பதில்: மெஷின் இருக்கட்டும், முதலில் ஈரத்துக்கு ஒரு வழி பாருங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

படி 1: மரம்

பலகைகளைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டைகள் போட்டு, அவற்றின்மேல் படுக்கவைத்து அடுக்குங்கள். பலகைக்குப் பலகை நடுவே ஒரே கனமுள்ள ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) துண்டுகளை, மேலும் கீழும் நேர்க்கோட்டில் வருமாறு வையுங்கள். எல்லாப் பக்கமும் காற்றுப் புகுந்தால்தான் மரம் சீராகக் காயும்.

பழகுவதற்குப் புதுத் தேக்கு வாங்குவது வீண் செலவு. பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும் இடங்களில் ஆஞ்சிலி, பலாத் துண்டுகள் கிடைக்கும். நன்றாகக் காய்ந்து அடங்கிய மரம் அது. உள்ளே ஆணி ஒளிந்திருக்கலாம். பழுதான ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டி மரத்தின்மேல் நகர்த்துங்கள். இழுக்கும் இடத்தில் இரும்பு இருக்கிறது. ரப்பர் மரத்தை அறுப்பது எளிது. ஆனால் மருந்தேற்றிய பலகைதானா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும்.

படி 2: கூர்

மழுங்கிய உளிதான் கையை வெட்டும், ஏனென்றால் அதை அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறது. சாணைக்கல் இல்லையா? கனமான கண்ணாடித் துண்டில் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஒட்டி, சில சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்க்கலாம். 400, 800, 1500 என்று தாளின் எண்ணைக் கூட்டி, சொரசொரப்பைக் குறைத்துக்கொண்டே போங்கள். உளியின் பின்பக்கம் தட்டையாக இருப்பது முக்கியம். பலர் அதைத் தொடுவதே இல்லை. கூர்முனைச் சரிவின் நீளம் உளியின் கனத்தைப்போல் இரு மடங்கு இருந்தால் கோணம் 30 பாகை. கோணமானி தேவையில்லை.

வேலை முடிந்ததும் உளி, இழைப்புளித் தகடு, ரம்பம் எல்லாவற்றையும் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லப் பூசிவிடுங்கள். ஆனி, ஆடியில் ஒரு வாரம் மறந்தால் துரு பிடித்துவிடும்.

படி 3: அளவு

டேப்பின் நுனிக் கொக்கி ஆடுவதைக் கண்டு டேப் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். உள்ளளவு, வெளியளவு இரண்டும் சரியாக வருவதற்காகவே, கொக்கியின் கனம் அளவுக்கு அதை நகரவிட்டிருக்கிறார்கள். சட்டத்தின் மூலைகள் செங்கோணமா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். நீளம் ஒன்றாக இருந்தால் சரி.

கோடை வறட்சியில் இழுப்பறை செய்பவர் அதன் மேல்பக்கம் கொஞ்சம் இடைவெளி கூட்டி விட வேண்டும். மரம் அகலவாக்கில்தான் உப்பும், நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது; இழுப்பறைப் பலகைகளின் அகலம் நிமிர்ந்து நிற்பதால் உயரம்தான் கூடும். இதைக் கவனிக்காமல் செய்த இழுப்பறை ஐப்பசியில் திறக்காது.

படி 4: பிடிப்பும் இணைப்பும்

கிளாம்ப் வாங்கக் காசில்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். பசை தடவிய கால்களையும் வளைந்த சட்டங்களையும் இறுக்கிச் சுற்றிக் கட்ட இதைவிட நல்லது கிடையாது. மழைநாளில் வெள்ளைப் பசை காயத் தாமதமாகும். இரவு முழுவதும் கட்டியதை அவிழ்க்காதீர்கள்.

திருகாணிக்கு முன்கூட்டியே துளை போடுங்கள், ஆஞ்சிலியில் கட்டாயம். ஆழம் தவறாமலிருக்க டிரில் பிட்டில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளலாம். திருகாணி வழுக்கிச் செல்லச் சிலர் சோப்புத் தேய்ப்பார்கள். சோப்பு ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும், மெழுகுவர்த்தி போதும். கடலோர வீடுகளில் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியே போடுங்கள்.

படி 5: மெருகு

பத்மநாபபுரம் அரண்மனைச் செதுக்கு வேலையைப் பார்த்துவிட்டு வந்து முதல் மாதமே பூச்செதுக்க உட்காராதீர்கள். ஒரு முக்காலியை வழுவழுப்பாக்கினாலே பெரிய காரியம். உப்புத்தாள் போட்டபின் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் மர இழைகள் எழும்பி நிற்கும். அவற்றை மெல்லிய தாளால் தேய்த்துவிட்டு எண்ணெய் பூசுங்கள். மரத்தூள் பறக்கும்போது முகக்கவசம் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது; வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்டு, பிறகு அப்புறப்படுத்துங்கள்.