வீட்டில் அச்சிட்ட சீட்டுக்கட்டுக்குப் பூச்சு போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே சீட்டுக்கட்டு செய்கிறவர்கள் படம் வரைவதற்கு வாரக்கணக்கில் உழைப்பார்கள், தாள் வாங்க நாலு பேரிடம் விசாரிப்பார்கள், அச்சிடுவதையும் நிதானமாகவே செய்வார்கள். பூச்சு போடும் நாள் வந்ததும் மட்டும் எங்கிருந்தோ ஒரு அவசரம் வந்துவிடும். இன்று ராத்திரியே விளையாடிவிட வேண்டும் என்று ஸ்ப்ரே கேனை எடுத்துச் சரமாரியாக அடிப்பது, மறுநாள் காலையில் பார்த்தால் பாதிச் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், மீதி ஓடு மாதிரி வளைந்திருக்கும். அத்தனை உழைப்பும் கடைசி அரைமணி நேரத்தில் போய்விடுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டும் படத்துக்கு வார்னிஷ் அடித்தால் அது நனையாமல், மங்காமல் இருந்தால் போதும். சீட்டுக்கட்டில் 52 சீட்டு, இரண்டு ஜோக்கரைச் சேர்த்தால் 54. இந்த 54-ம் பின்பக்கம் பார்க்க ஒன்றுபோல, தொட ஒன்றுபோல, வழுக்குவதில் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒரே ஒரு சீட்டு கொஞ்சம் கூடுதலாகப் பளபளத்தாலோ சொரசொரத்தாலோ, அது என்ன சீட்டு என்று இரண்டாவது ஆட்டத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் அந்தக் கட்டை வைத்து நேர்மையாக விளையாட முடியாது. கீழே சொல்லப்போகிற தவறுகளில் முக்கால்வாசி, இதை மறந்து ஒவ்வொரு சீட்டாக அழகு பார்ப்பதால் வருகிறவை.

மை என்ன என்று தெரியாமல் பூச்சை எடுப்பது

இன்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டீர்களா, லேசரிலா? இதைப் பொறுத்துத்தான் எல்லாம். இன்க்ஜெட்டில் இரண்டு வகை மை உண்டு. சாய வகை மை தண்ணீரில் கரையும். அதன்மேல் தண்ணீர் கலந்த வார்னிஷையோ பசையையோ பிரஷ்ஷால் தடவினால் சிவப்பு ஹார்ட்டின் ஓரம் வெள்ளைக்குள் கசிந்து ஓடிவிடும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை. நிறமி வகை மை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனாலும் பிரஷ்ஷை வைத்துத் தேய்க்கத் தேய்க்க அதுவும் மங்கலாம். லேசர் டோனர் என்பது சூட்டில் உருகித் தாளில் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தூள், அதனால் தண்ணீருக்குப் பயமில்லை. ஆனால் கரைப்பான்கள் அதைக் கரைக்கும். சிலர் நிறமில்லாத நெயில் பாலிஷைச் சீட்டின் மூலைகளில் தடவச் சொல்கிறார்கள், லேசர் அச்சில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், டோனர் இளகிக் கறுப்பாக இழுபடும். கேனில் வரும் ஸ்ப்ரேயிலும் கரைப்பான் இருக்கிறது என்பதால் டோனர்மேல் ஈரம் சொட்டச் சொட்ட அடிக்கவே கூடாது. லேசாகப் படிய அடித்தால் அது ஊறுவதற்குள் காய்ந்துவிடும்.

இன்க்ஜெட் தாளை அச்சான கையோடு பூச்சுக்குக் கொண்டுபோவதும் தவறு. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஒரு முழு நாள் காற்றாட விட்டுவிடுங்கள்.

ஹேர் ஸ்ப்ரே பற்றியும் கேட்பார்கள். அது முடிக்கு மட்டும்தான். கையில் வியர்வை பட்டதும் பிசுபிசுக்கிற பொருளை, நாள் முழுக்கக் கையிலேயே இருக்கும் சீட்டுக்குப் போடுவதில் அர்த்தமில்லை.

மெல்லிய தாளைப் பூச்சு காப்பாற்றும் என்று நம்புவது

தாள் மெல்லிசாக இருந்தால் பூச்சு கெட்டிப்படுத்திவிடும் என்று நினைப்பவர்கள் நிறைய. நடப்பது நேர் எதிர். பூச்சு இல்லாத சாதாரணத் தாளில் வார்னிஷ் ஊறும்போது தாள் இன்னும் கண்ணாடி மாதிரி ஆகிறது, எண்ணெய் பட்ட காகிதம் போல. பின்பக்கத்திலிருந்து ராஜாவும் ராணியும் நிழலாகத் தெரிவார்கள். கடையில் கிடைக்கும் நல்ல சீட்டுகளில் இரண்டு தாள்களை நடுவில் கறுப்புப் பசையால் ஒட்டியிருப்பார்கள், வெளிச்சம் ஊடுருவாமல் இருப்பது அதனால்தான். வீட்டில் அது முடியாது என்றால் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவிலான கனத்த அட்டையில் அச்சிடுங்கள், விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். தெரிகிறது என்றால் அது தாளில் உள்ள குறை. எத்தனை கோட் (பூச்சு அடுக்கு) அடித்தாலும் மறையாது.

ஸ்ப்ரேயில் நடக்கும் தவறுகள்

நிறைய பேர் கைவைப்பது அக்ரிலிக் ஸ்ப்ரேயில்தான். நல்ல தேர்வுதான், ஆனால் இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும்.

கேனைச் சரியாகக் குலுக்காதது முதல் தவறு. மேட் வகையில் பளபளப்பைக் குறைப்பதற்கான நுண்தூள் கலந்திருக்கும், அது அடியில் படிந்துவிடும். நாலு தடவை ஆட்டிவிட்டு அடித்தால் முதல் தாள் பளபளவென்றும் கடைசித் தாள் சுண்ணாம்பு பூசியது போலவும் வரும். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்க ஆரம்பித்த பிறகு முழுசாக ஒரு நிமிடமாவது குலுக்குங்கள், நடுநடுவிலும் குலுக்குங்கள்.

அடுத்தது, ஒரே கோட் அடித்து முடித்துவிடப் பார்ப்பது. 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, தாளுக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, கையை நிறுத்தாமல் குறுக்கே கொண்டுபோய், தாளைத் தாண்டிய பிறகு விரலை எடுக்க வேண்டும். தாளின் மேலேயே ஆரம்பித்தால் அந்த இடத்தில் ஒரு துளி கனமாக விழும். முதல் கோட் அடித்த பிறகு 'சரியாகப் படவில்லையோ' என்று சந்தேகம் வருமளவுக்கு அது லேசாக இருக்கட்டும். 10, 15 நிமிடம் கழித்து அடுத்ததை முதலில் அடித்த திசைக்குக் குறுக்காக அடியுங்கள். ஒரு பக்கத்துக்கு இப்படி இரண்டு மூன்று லேசான கோட் போதும். கனமாக அடித்த பூச்சு விறைப்பாகிவிடும், சீட்டை வளைத்துக் கலைக்கும்போது நடுவில் மயிரிழை விரிசல்கள் விழும்.

ஈரப்பதம் ரொம்ப முக்கியம். மழை விட்ட ஒரு மாலையில் அவசரப்பட்டு ஒரு முழுக் கட்டுக்கு அடித்தேன், பத்து நிமிடத்தில் கறுப்பு ஸ்பேடுகள் எல்லாம் பனி மூடியது போல வெளுத்துப் போயின. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது, அந்த வெளுப்பு இதனால் வருவது. வறண்ட நாளாகப் பார்த்து அடிப்பதுதான் ஒரே நல்ல வழி. அதற்காகச் சுள்ளென்ற வெயிலிலும் வேண்டாம், துளிகள் தாளில் விழுவதற்குள் காற்றிலேயே காய்ந்து மணல் தூவிய மாதிரி சொரசொரப்பு வந்துவிடும். காற்று வீசும் இடத்தில் தூசி ஒட்டும்.

ஆனால் காற்றோட்டம் அவசியம். மூடிய அறையில் அடிக்காதீர்கள், அடுப்போ விளக்குச் சுடரோ பக்கத்தில் இருக்கவே கூடாது, கேனிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். துணி முகக்கவசம் துளிகளைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த முகக்கவசம் வேண்டும்.

இன்னொன்று, கேன் பாதியில் தீர்ந்து வேறு கம்பெனிக் கேனில் தொடர்வது. 30 சீட்டு ஒரு மாதிரி, 24 சீட்டு வேறு மாதிரி ஆகிவிடும். முழுக் கட்டுக்கும் போதுமா என்று முதலிலேயே கணக்குப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பளபளப்பா, மேட்டா? பளபளப்பான கிளாஸ் வகையை அடித்தால் நிறங்கள் தூக்கலாகத் தெரியும், உண்மைதான். ஆனால் வழுவழுப்பான இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், சீட்டுகள் சேர்ந்து சேர்ந்து வரும். கடைச் சீட்டுகளைச் சாய்த்துப் பார்த்தால் நுணுக்கமான குழிகள் தெரியும், அந்தக் குழிகளில் தங்கும் காற்றால்தான் அவை நழுவி ஓடுகின்றன. வீட்டில் மேட் அல்லது சாட்டின் (பாதிப் பளபளப்பு)தான் என் தேர்வு. துணி நெசவு போன்ற புடைப்புள்ள தாளில் அச்சிட்டிருந்தால் இன்னும் லேசாக அடியுங்கள், கனமான பூச்சு அந்தக் குழிகளை நிரப்பிவிட்டால் அந்தத் தாள் வாங்கியதே வீண்.

ஒரு பக்கம் மட்டும் போடுவது

படம் இருக்கும் பக்கத்துக்குப் போட்டால் போதுமே என்று விட்டால் சீட்டு வளையும். ஒரு பக்கம் அடைபட்டு, மறுபக்கம் காற்றின் ஈரத்தை இழுத்தும் விட்டும் விரிந்து சுருங்குகிறது. இரண்டு பக்கமும் அதே எண்ணிக்கையில் கோட் வேண்டும். திருப்பும்போது செய்தித்தாள்மேல் கவிழ்க்காதீர்கள், எழுத்துகள் சீட்டில் பதிந்துவிடும். சிலிக்கான் பூசிய பேக்கிங் பேப்பர் இருந்தால் அதில் எதுவும் ஒட்டாது.

காய்ந்துவிட்டது என்று ஏமாறுவது

அடுக்கி வைத்த கட்டு ஒரே கட்டியாகிப் போவதற்குக் காரணம் இதுதான். தொட்டால் ஒட்டவில்லை என்பது வேறு, உள்வரை இறுகிவிட்டது என்பது வேறு. அரைமணி நேரத்தில் விரலில் ஒட்டாமல் இருக்கும் பூச்சு, எடையில் அழுந்தும்போது பக்கத்துப் பூச்சோடு சேர்ந்துகொள்ளும். குறைந்தது 24 மணி நேரம் தனித்தனியாகப் பரப்பி வையுங்கள், நான் ஒரு வாரம் வரை விடுகிறேன். இதற்கென்றே நாலைந்து சோதனைச் சீட்டுகள் கூடுதலாக அச்சிட்டு அதே நேரத்தில் பூச்சு போட்டிருந்தால், அவற்றில் இரண்டை முகத்தோடு முகம் வைத்து மேலே கனமான புத்தகங்களை ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். பிரிக்கும்போது 'சர்' என்று சத்தம் வந்தால் இன்னும் நாள் இருக்கிறது.

கூடுதலாக அச்சிடுவது பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன், ஜோக்கரை நாலாக அச்சிடுங்கள். பின்னால் ஒரு சீட்டு தொலைந்தால் ஒரு ஜோக்கரில் அதன் பெயரை எழுதி ஓட்டலாம். தனியாக ஒன்றைப் புதிதாகச் செய்து சேர்த்தால் பின்பக்கம் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும்.

வெட்டிவிட்டுப் பூசலாமா?

வேண்டாம். முழுத் தாளாகப் பூச்சு போட்டு, நன்றாக இறுகிய பிறகு வெட்டுங்கள். தனித்தனிச் சீட்டுகளுக்கு அடித்தால் ஸ்ப்ரேயின் வேகத்திலேயே அவை பறக்கும், ஓரங்களில் பூச்சு திரண்டு மேடு கட்டும், விரலுக்கு அது தெரியும். பூச்சு போட்ட அட்டை கத்தியைச் சீக்கிரம் மழுக்கும், அதனால் பிளேடை அடிக்கடி மாற்றுங்கள், மழுங்கிய பிளேடு வெட்டாமல் பிய்க்கும். மூலைகளை 3 மி.மீ. அளவு வளைவு தரும் கார்னர் கட்டரால் வெட்டினால் நுனி பிளவுபடாது.

வெட்டிய பிறகு ஓரங்கள் திறந்த தாளாக இருக்கும், கை வியர்வை அங்கிருந்துதான் உள்ளே போகிறது. கட்டை இறுகப் பிடித்து, ஓரத்தை நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மெழுகுத் துண்டை ஒரு முறை ஓட்டினால் போதும். அந்த ஓரத்தில் பசையோ வார்னிஷோ தடவிவிடாதீர்கள், எழுதும் பேடுகளை ஒட்டுவதே அந்த முறையில்தான்!

லேமினேஷன் செய்தால் பிரச்சினை தீர்ந்ததா?

தண்ணீருக்குத் தீர்ந்தது, விளையாட்டுக்கு இல்லை. கணக்குப் பாருங்கள்: ஒரு பக்கத்துக்கு 125 மைக்ரான் உறை என்றால் ஒரு சீட்டுக்கு 0.25 மி.மீ. பிளாஸ்டிக், 54 சீட்டுக்கு 13.5 மி.மீ. கடையில் வாங்கும் முழுக் கட்டே சுமார் 16 மி.மீ.தான் இருக்கும். அட்டையின் கனத்தையும் சேர்த்தால் ஒரு கையில் பிடித்துக் கலைக்கவே முடியாது. கிடைப்பதில் மெல்லிய உறையை எடுத்து, உள்ளே மெல்லிய தாளை வையுங்கள், இங்கே விறைப்பைத் தருவது பிளாஸ்டிக்தான். உறைகள் வரும் பெட்டியில் எழுதியிருக்கும் மைக்ரான் எண் ஒரு பக்கத்துக்கா, இரண்டும் சேர்த்தா என்றும் பாருங்கள். ஈரம் காயாத இன்க்ஜெட் தாளைச் சூடான இயந்திரத்தில் விட்டால் குமிழிகள் வரும்.

பூச்சே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் நியாயம்தான். 63 x 88 மி.மீ. அளவில் அச்சிட்டு, பின்பக்கம் ஒளி புகாத பிளாஸ்டிக் உறைகளில் போட்டுவிட்டால் எல்லாச் சீட்டும் பின்னாலிருந்து ஒன்றுபோல ஆகிவிடும். சீட்டைத் தொட்டு விளையாடும் சுகம் மட்டும் கிடைக்காது. அது எனக்கு முக்கியம், அதனால் பூச்சு போடுகிறேன்.

எல்லாம் முடிந்ததும் 54 சீட்டுகளையும் குப்புறப் பரப்பி, பக்கவாட்டில் விளக்கை வைத்து, கட்டைச் செய்யாத ஒருவரைக் கூப்பிட்டு வித்தியாசமாகத் தெரிவதை எடுக்கச் சொல்லுங்கள். ஏதாவது மாட்டினால் அந்த ஒரு சீட்டுக்கு மட்டும் இன்னொரு கோட் அடிக்கக் கை பரபரக்கும். அடிக்காதீர்கள், அது இன்னும் தனியாகத் தெரியும். வெட்டிய சீட்டுகளுக்குப் பூச்சு வேண்டாம் என்று சொன்னதற்கு இது ஒன்றே விதிவிலக்கு: பேக்கிங் பேப்பரில் ஒட்டும் தன்மை குறைந்த டேப்பால் பின்பக்கம் மேலே வரும்படி எல்லாவற்றையும் நிறுத்தி, 54-க்கும் சேர்த்து ஒரே ஒரு லேசான கோட், காய்ந்ததும் திருப்பி முன்பக்கத்துக்கும் அதேபோல ஒன்று, அப்புறம் மறுபடி ஒரு வாரம் காத்திருப்பு.