ஒரே மேக்கில் இரண்டு ஆடியோ இன்டர்ஃபேஸ்: அக்ரிகேட் டிவைஸ் அமைப்பது எப்படி?

வாய்ப்பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, கஞ்சிராவுக்கு ஒன்று என்று ஐந்து மைக் தேவை. என்னிடம் இருந்த ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் (மைக்கின் ஒலியைக் கணினிக்கு அனுப்பும் கருவிகள்) இரண்டு: நான்கு இன்புட் உள்ள பெரிங்கர் யூஎம்சி404ஹெச்டி, இரண்டு இன்புட் உள்ள ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2. இரண்டையும் சேர்த்து ஆறு இன்புட் உள்ள ஒரே கருவியாக்க மேக்கிலேயே வசதி இருக்கிறது; அதன் பெயர்தான் அக்ரிகேட் டிவைஸ். தனி மென்பொருள் வேண்டாம்.

படி 1. இரண்டையும் யூஎஸ்பியில் இணையுங்கள். ஹப் தேவைப்பட்டால் தனி மின் அடாப்டர் உள்ளதையே வாங்குங்கள். ஸ்கார்லெட் தன் மின்சாரத்தை யூஎஸ்பியிலிருந்தே எடுக்கிறது.

படி 2. அப்ளிகேஷன்ஸ், யுடிலிட்டீஸ் வழியாக ஆடியோ மிடி செட்டப்பைத் திறந்து, இரண்டு கருவிக்கும் ஒரே சாம்பிள் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை ஒலியை அளப்பது என்ற எண்) வையுங்கள். நான் 48,000 வைக்கிறேன். கராஜ்பேண்டில் பதிவு செய்பவர்கள் 44,100 வையுங்கள்; அது அந்த ரேட்டில்தான் இயங்கும்.

படி 3. இடது கீழ் மூலையில் இருக்கும் கூட்டல் குறியை அழுத்தி, கிரியேட் அக்ரிகேட் டிவைஸைத் தேர்ந்தெடுங்கள். இப்போது இரண்டு கருவிக்கும் டிக் போட வேண்டும். எதை முதலில் டிக் செய்கிறீர்களோ அதன் இன்புட்டுகள்தான் முதலில் வரும். பெரிங்கர் முதலில் என்றால் 1 முதல் 4 வரை அதற்கு. 5, 6 ஸ்கார்லெட்டுக்கு. வரிசையை மாற்ற, டிக்குகளை எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

படி 4. எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்குள்ளும் தனிக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. இரண்டும் 48,000 என்று காட்டினாலும் ஒன்று இம்மியளவு வேகமாக ஓடும். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வையுங்கள்: வினாடிக்கு 2.4 சாம்பிள். அரை மணி நேரப் பதிவில் அது 4,320 சாம்பிள், அதாவது 0.09 வினாடி. தனி ஆவர்த்தனம் வரும்போது மிருதங்கமும் கஞ்சிராவும் சேராமல் கேட்கும்.

அதனால் கிளாக் சோர்ஸில் ஒரு கருவியை மட்டும் தலைமையாக வையுங்கள். அதிக மைக் எதில் இருக்கிறதோ அதை வைப்பது என் வழக்கம். டிரிஃப்ட் கரெக்‌ஷன் டிக்கை மற்றதற்கு மட்டும் போடுங்கள், தலைமைக்கு வேண்டாம். மற்ற கருவியின் ஒலியை மேக் தலைமைக் கடிகாரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே இருக்கும்.

படி 5. நான் பயன்படுத்தும் பதிவு மென்பொருளான ரீப்பரின் ஆடியோ டிவைஸ் அமைப்பில் இந்த அக்ரிகேட் டிவைஸைத் தேர்ந்தெடுங்கள். ஹெட்போனைத் தலைமைக் கருவியில் செருகுங்கள்.

அப்புறம் ஒரு சோதனை. இரண்டு கருவியிலிருந்தும் ஒவ்வொரு மைக்கை அருகருகே வைத்து, தொடக்கத்தில் ஒரு முறையும் அரை மணி கழித்து ஒரு முறையும் கை தட்டுங்கள். அலை வடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு தட்டலிலும் ஒரே அளவு இடைவெளி இருந்தால் அது கருவிகளின் தாமத வித்தியாசம். ஒரு டிராக்கை நகர்த்தினால் சரி. இரண்டாவது தட்டலில் இடைவெளி கூடியிருந்தால் படி 4க்குத் திரும்புங்கள்.

ஒரே வாத்தியத்தின் இரண்டு மைக்குகளையும் ஒரே இன்டர்ஃபேஸில்தான் செருக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மிருதங்கத்தின் வலந்தலை மைக் ஒன்றிலும் தொப்பி (இடப்பக்கம்) மைக் இன்னொன்றிலும் போனால், சில சாம்பிள் நகர்வே நாதத்தை மெலிய வைத்துவிடும்.

சேர்க்கை: விண்டோஸில் இதைச் செய்யலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். ஏசியோ4ஆல் என்ற டிரைவர் மென்பொருள் மூலம் இரண்டு கருவியைச் சேர்க்கலாம், ஆனால் அவை ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தனித்தனி யூஎஸ்பி கருவிகளில் அது நடக்காது. சிறிது நேரத்தில் படபடப்புச் சத்தம் கேட்கும். விண்டோஸ்காரர்களுக்கு என் பரிந்துரை, அடாட் ஆப்டிகல் இன்புட் (ஒளிக்கம்பி வழியே பல சேனல்களை வாங்கும் இணைப்பு) உள்ள ஒரே இன்டர்ஃபேஸும் அதோடு பெரிங்கர் ஏடிஏ8200 போன்ற ப்ரீஆம்பும் (மைக் ஒலியைப் பெருக்கும் கருவி). 48,000இல் எட்டு சேனல் ஒரே கம்பியில் வரும். இன்டர்ஃபேஸின் கிளாக்கை அடாட்டுக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடும்.