கன்று நல ஆய்வில் பயிற்சி: கால்நடை மருத்துவ மாணவருக்கு

சிகிச்சை கற்கும் ஆசையோடுதான் பலரும் வருவார்கள். கையில் கொடுக்கப்படுவதோ தெர்மாமீட்டரும் பதிவேடும். சலித்துக்கொள்ளாதீர்கள்; ஆய்வே அவற்றின் மேல்தான் நிற்கிறது.

தினமும் வயதில் சிறிய கன்றிலிருந்து தொடங்குங்கள். கழிச்சல் கண்டது கடைசி. கழிச்சலை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மனிதரையும் தொற்றும், சானிடைசருக்கு அடங்காது. சோப்புப் போட்டுத்தான் கை கழுவ வேண்டும்.

தொடுவதற்கு முன் எட்ட நின்று பாருங்கள்: காது தொங்குகிறதா, எழுப்பினால் எழுகிறதா, இருமுகிறதா. பிறகு வெப்பநிலை. 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் இயல்பு. வெயிலில் நல்ல கன்றுக்கும் ஏறும் என்பதால் எல்லா நாளும் ஒரே நேரத்தில் எடுங்கள். சாணத்துக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண். தண்ணீராகப் போனால் 3. கழுத்துத் தோலைக் கிள்ளி விடும்போது மடிப்பு 2 விநாடிக்கு மேல் நின்றாலோ, கண் குழிந்திருந்தாலோ நீரிழப்பு.

மாணவர் கைக்கு ஏற்ற ஆய்வு, சீம்பால் எதிர்ப்பாற்றல் கன்றுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதே. கரைந்திருக்கும் பொருளின் அளவைச் சதவீதமாகச் சொல்லும் பிரிக்ஸ் மானியில் சீம்பால் 22 சதவீதமாவது காட்ட வேண்டும். உடல் எடையில் 10 சதவீதம், அதாவது 40 கிலோ கன்றுக்கு 4 லிட்டர், முதல் 2 மணி நேரத்துக்குள் போனால் நல்லது. நேரம் போகப் போகக் குடல் எதிர்ப்புப் புரதங்களை உள்ளே விடுவது குறைந்து, 24 மணி நேரத்தில் அநேகமாக நின்றுவிடும்.

ரத்தம் எடுப்பது பிறந்து 24 மணி நேரம் கழிந்த பின், 7 நாளுக்குள். உறைவுத்தடுப்பான் இல்லாத குழாயில் கழுத்துச் சிரையிலிருந்து எடுத்து, அரை மணிக்குக் குறையாமல் நிமிர்த்தி வைத்து உறைந்ததும் சுழற்றுக் கருவியில் சுழற்றி, சீரத்தை, அதாவது மேலே தெளியும் நீரை, பிரித்தெடுங்கள். காய்ச்சி வடித்த நீரில் மானியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த பிறகே சீரம் ஒரு சொட்டு. பிரிக்ஸ் 8.1 சதவீதத்துக்குக் கீழே மோசம், 9.4-உம் அதற்கு மேலும் மிக நன்று.

ஏமாறும் இடங்கள் உண்டு. நீரிழந்த கன்றில் ரத்தம் கெட்டிப்பட்டு எண் பொய்யாக உயரும். அதனால் ஆரோக்கியமான கன்றுகளே வேண்டும், பண்ணைக்குக் குறைந்தது 12. ஹெப்பாரின் என்ற உறைவுத்தடுப்பான் உள்ள குழாயில் சீரம் கிடைக்காது, பிளாஸ்மாதான் வரும்; அதில் ரத்தத்தை உறையவைக்கும் புரதமான ஃபைப்ரினோஜனும் சேர்ந்து எண்ணைக் கூட்டும். ஆறாம் ஏழாம் நாள் கன்றுகளை மட்டும் எடுத்தாலோ, நலிந்தவை அதற்குள் செத்திருக்கும். மிஞ்சியவற்றை வைத்துப் பண்ணையை மெச்சிக்கொண்டிருப்பீர்கள். இறந்தவையும் ஏட்டில் ஏறட்டும்.

கன்றுகளைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிடுவதானால், மதிப்பெண் போடுபவருக்கு எந்தக் கன்று எந்தக் குழு என்று தெரியக் கூடாது. இருவர் போடுவதானால் முதல் வாரமே 10 கன்றுகளைத் தனித்தனியாகப் பார்த்து ஒப்பிடுங்கள்.

காது எண், பிறந்த நேரம், ரத்தம் எடுக்கும் நேரம் மூன்றையும் ஊசி குத்துமுன் குழாயில் எழுதுங்கள். பிறகு எழுதலாம் என்று பையில் போட்டால் நான்காம் கன்றிலேயே குழாய்கள் மாறிப்போகும்.