வீட்டு வாத்தின் குரலும் அடைகாப்பும்: கவனித்து அறியும் முறை

புறக்கடையில் நான்கைந்து வாத்துகள் வளர்ப்பவர்களுக்கு எழும் ஐயங்களில் பெரும்பாலானவை இரண்டில் அடங்கும். ‘ஏன் இப்படி ஓயாமல் கத்துகிறது?’ என்பது ஒன்று; ‘இத்தனை முட்டையிட்டும் ஏன் அடையில் உட்காரவில்லை?’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பது நான் வளர்த்துக் கற்றது. ஒரு பெட்டை அடைக்குத் தயாராவதைப் பெரும்பாலும் அதன் குரலே முதலில் காட்டிக்கொடுக்கிறது.

உரத்துக் கத்துவது பெட்டைதான். ஆண் வாத்தின் மூச்சுக்குழல் கிளைபிரியும் இடத்தில் உள்ள குரலுறுப்பில் எலும்பாலான ஒரு குமிழ் இருப்பதால், அதன் குரல் தொண்டை கட்டியவர் பேசுவதுபோல் கரகரத்து அடங்கியே வெளிவரும். குஞ்சுகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்போது ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பாருங்கள்: உரக்க ‘குவாக்’ என்று எதிர்ப்பது பெட்டை, கரகரப்பது ஆண். ஆணின் வாலில் சுருட்டை இறகு தோன்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முகத்தில் சிவந்த சதைத்தடிப்பு கொண்ட மணிலா வாத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அது தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கக் காட்டினத்திலிருந்து வந்த வேறொரு இனம். அதன் ஆண் மூச்சைச் சீறலாக விடும், பெட்டை மெல்லிய குரலில் கீச்சிடும்.

பெட்டையின் குரல்களுள் மூன்றைப் பிரித்தறிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முதல் ஒலி உரத்தும் அடுத்தடுத்த ஒலிகள் படிப்படியாகத் தணிந்தும் வரும் தொடர்க்குரல், கூட்டத்தையோ துணையையோ பிரிந்த பெட்டையினுடையது. ஒரு வாத்தை விற்ற மறுநாள் மற்றவை கத்துவதை இந்த வகையில் சேர்க்கலாம். தலையைத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் திருப்பித் திருப்பி வேகமாக முணுமுணுத்தால், தொந்தரவு செய்யும் அயல் ஆணைத் தன் துணையிடம் சுட்டுகிறது என்று பொருள். இது நாள்தோறும் கேட்டால் ஆண்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள்; ஐந்து பெட்டைக்கு ஓர் ஆண் போதும். மூன்றாவது குரல் அன்று, அமைதி. கத்திக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கி, எல்லாம் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் வானத்தைப் பார்த்தால் மேலே பருந்து இருக்கிறது. உடனே வெளியே வந்து பாருங்கள். நன்றாகக் கத்திவந்த பெட்டையின் குரல் திடீரெனக் கம்மி, மூக்கு ஒழுகினால் அது பேச்சன்று, நோய். அதைத் தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இனி அடைக்கு வருவோம். காக்கி கேம்பல் இனம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் முட்டைக்காகவே உருவாக்கப்பட்டது. நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும் அந்தப் பெட்டைக்கு அடையுணர்வு ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. ஆரணி வாத்துபோல் மேய்ச்சலுக்கு ஓட்டிச்செல்லப்படும் நாட்டு வாத்துகளும் அடையில் உட்காருவது குறைவு; அதனால்தான் நம் ஊர்களில் வாத்து முட்டையை அடைக்கோழிக்கு வைக்கும் வழக்கம் நிலைத்தது. ஆகவே உங்கள் வாத்து உட்காரவில்லை என்றால் அதைக் குறையாக எண்ணி வற்புறுத்தாதீர்கள். மணிலா வாத்தோ நேர்மாறானது, மிக உறுதியாக அடைகாக்கும்.

அடைக்கு வரும் பெட்டை நாளுக்கு ஒன்றாக முட்டையிட்டு, எண்ணிக்கை நிறையும்வரை உட்காராது. எல்லாக் குஞ்சும் ஒரே நேரத்தில் பொரிய இதுவே வழி. அந்நாள்களில் அதன் குரல் மாறும். எங்கள் வீட்டுப் பெட்டை ஒன்று, வைக்கோல் மூலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் மட்டும், வாயை முழுதும் திறக்காமல் தாழ்ந்த குரலில் விட்டுவிட்டு முனகியது. நான்காம் நாள் அந்த மூலையில் முட்டைகளைக் காணவில்லை. விரலால் விலக்கியபோது, தன் நெஞ்சிலிருந்து பிடுங்கிய சாம்பல்நிறத் தூவியால் மூடப்பட்டு, அவை கதகதப்பாக அடியில் கிடந்தன. தூவியைப் பிடுங்கினால் பெட்டையின் மனம் கூட்டில் ஊன்றத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். ஆயினும் இரண்டு இரவுகள் பொறுங்கள். இருட்டிய பின் கையை நீட்டும்போது தட்டையாகப் பரவி, இறகு சிலிர்த்துச் சீறி, எழாமல் இருந்தால் அது உண்மையான அடை. பகலில் மட்டும் உட்கார்ந்து இரவில் கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும் பெட்டையை நம்பி முட்டை வைக்காதீர்கள்.

வைக்கும் முட்டை ஏழு நாளுக்கு உட்பட்டதாக, விரிசலின்றி இருக்கட்டும். வாத்துக்கு 10 முதல் 12 வரை, நாட்டுக்கோழிக்கு ஏழெட்டு போதும். பத்தாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கரு வளர்ந்த முட்டையில் இரத்த நாளங்கள் வலைபோல் தெரியும். தெளிவாகவே இருப்பது கூமுட்டை, அதை எடுத்துவிடலாம். அடைவாத்து நாளுக்கு ஒருமுறை இறங்கி, உண்டு, குளித்து, மிகுந்த நாற்றமுள்ள பெரிய எச்சத்தைக் கழித்துவிட்டுத் திரும்பும். இருபது, முப்பது நிமிடம் வெளியே இருப்பதைக் கண்டு பதறவேண்டாம். ஈர இறகோடு அது உட்காருவதால் முட்டைக்கு வேண்டிய ஈரப்பதம் கிடைக்கிறது. கோழியின் அடியில் வைத்திருந்தால் இந்த வேலை நம்முடையது: கடைசிப் பத்து நாள்களில் வெதுவெதுப்பான நீரைத் தினமும் லேசாகத் தெளியுங்கள், பெரிய முட்டையைக் கோழியால் சரியாகப் புரட்ட முடியாதிருந்தால் கையால் புரட்டுங்கள், ஆனால் பொரிப்புக்கு மூன்று நாள் முன் நிறுத்திவிடுங்கள். வாத்து முட்டைக்கு 28 நாள், மணிலாவுக்கு 35. கோழியின் உடல் 21 நாளுக்குப் பழகியது என்பதால், அப்போதுதான் அடைக்கு வந்த கோழியையே தேர்ந்தெடுக்கவேண்டும்.

இருபத்தாறாம் நாள் வாக்கில் முட்டையைக் காதருகே வையுங்கள். உள்ளிருந்து கீச்சொலியும் தட்டுதலும் கேட்கும். தாயும் இதுவரை எழுப்பாத மிருதுவான குரலில் விடை சொல்லும். வாத்துக்குஞ்சு ஓட்டுக்குள்ளிருக்கும்போதே ஒலிகளைக் கேட்கிறது என்பதையும், அப்படிக் கேட்ட அனுபவமே பின்னர்த் தாய்க்குரலை அறிய உதவுகிறது என்பதையும் அமெரிக்க ஆய்வாளர் கில்பர்ட் காட்லீப் தம் ஆய்வுகளில் காட்டினார். ஆகவே இந்நேரத்தில் கூட்டைக் கிளறாமல் அந்த உரையாடலை நடக்கவிடுங்கள். ஓட்டில் முதல் துளை விழுந்தபின் குஞ்சு முழுதும் வெளிவர ஒன்று முதல் இரண்டு நாள் ஆகலாம். அவசரப்பட்டு உரித்தால் இரத்தநாளம் அறுந்து குஞ்சு இறந்துவிடும்.

அடை வேண்டாம் என்றால் முட்டைகளை எடுத்துவிட்டு, பெட்டையை அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக்கூண்டில், தீனியும் நீரும் நிழலும் கொடுத்து மூன்று நாள் வையுங்கள். நீரில் முக்குவதும் பட்டினி போடுவதும் கொடுமை.

கோழி வளர்க்கும் வாத்துக்குஞ்சுகளைத் தொடக்கத்தில் ஆழமான நீரில் விடாதீர்கள். தாய்வாத்தின் இறகு எண்ணெய் படாத தூவி நனைந்து குளிரில் விறைத்துவிடும். கூழாங்கல் இட்ட ஆழமற்ற தட்டு போதும். இரவில் கூட்டை மூடுமுன் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். விடாமல் வரும் கூரிய கீச்சொலி, ஏதோ ஒன்று குளிரில் வெளியே விடுபட்டதைச் சொல்கிறது. தேடி உள்ளே விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாய்த் தணிந்த குரலில் அவை கொஞ்சிக்கொள்வது கேட்டால் கதவைச் சாத்தலாம்.